வனப் பிரயாணத்தில் குடிஜலத்தைச் சுத்தி செய்யும் முறைகள்

உணவின்றி மனிதன் பல நாட்கள் உயிர் தரித்திருத்தல் கூடும். ஜலமின்றிச் சில நாட்களுக்கு மேல் தரித்திருத்தல் அரிது. ஊரில் வசிக்கும்போது கிணற்றைக் காப்பதும் குழாயைப் பழுது பார்ப்பதும் பலருடைய பொது வேலையாக நடந்து வருவதால், குடிக்கும் ஜலத்தைப் பற்றி ஒவ்வொருவரும் தினந்தோறும் சிந்திப்பதில்லை. ஊரை விட்டு வனத்திற்குள் சென்றவனுடைய நிலைமையோ வேறு. அவனைச் சுற்றிலும் ஜலம் நிறைந்திருக்கலாம். ஆயினும் அது பருகத் தக்கதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு முழுவதும் அவனுடையதே. இப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை, ஜலம் நிறைந்ததொரு வனப் பிரதேசத்தை உதாரணமாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்குவோம். இவ்விஷயம் தூர தேசத்தைச் சார்ந்ததேயாயினும், இதன் தத்துவங்கள் நமது அங்கத்தினர்களுக்கும் பயன்படத் தக்கவை என்பது முடிவில் விளங்கும்.

ஏரிகள் நிறைந்த நாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மின்னசோட்டா என்னும் ராஜ்யத்தின் வட எல்லையில், கனடா தேசத்தை ஒட்டி, பவுண்டரி வாட்டர்ஸ் என்று வழங்கும் வனம் ஒன்று உள்ளது. இதன் விஸ்தீரணம் சுமார் 11 லட்சம் ஏக்கர். இதனுள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் ஒண்டாரியோ மாகாணத்தில் குவெட்டிகோ என்னும் வனமும் இதனோடு தொடர்ந்து கிடக்கிறது. ஒஜிப்வே என்னும் பூர்வ குடிகள் பன்னெடுங்காலமாக இவ்வேரிகளில் மரப்பட்டைப் படகுகளைச் செலுத்தி வந்தார்கள். பின்னர் மிருகங்களின் ரோம வர்த்தகத்திற்காக வந்த பிரெஞ்சுப் படகோட்டிகளும் இவ்வழிகளையே பின்பற்றினார்கள். 1964ம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டமும், 1978ம் வருஷத்தில் இப்பிரதேசத்திற்கென்றே இயற்றப்பட்ட சட்டமும் இதைக் காத்து வருகின்றன. பெரும்பாலான ஏரிகளில் இயந்திரப் படகுகள் செல்லலாகாது.

ஆகையால், இங்கு வருவோர் கனூ என்னும் நீண்டு ஒடுங்கிய துடுப்புப் படகுகளில் செல்லுகிறார்கள். ஓர் ஏரி முடிந்ததும் படகைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து, அடுத்த ஏரியில் இறக்குவார்கள். ஒரு கூட்டத்தில் ஒன்பது பேருக்கும் நான்கு படகுகளுக்கும் மேல் இருத்தல் கூடாது என்பது அவ்வனத்தின் விதி.

ஒருவனுக்குக் குடிப்பதற்கும் சமையலுக்குமாக நாள் ஒன்றுக்கு 4 லிட்டர் ஜலம் வேண்டும் என்று கொள்வோம். ஒன்பது பேருக்கு 36 லிட்டர். ஐந்து நாட்களுக்கு 180 லிட்டர். ஒரு லிட்டர் ஜலத்தின் நிறை ஒரு கிலோ ஆகையால், இது 180 கிலோ பாரமாகும். படகையும் கூடாரத்தையும் ஆகாரத்தையும் தோளில் சுமந்து செல்வோர் இப்பாரத்தையும் சேர்த்துச் சுமத்தல் இயலாத காரியம். ஆகவே, எந்த ஏரியில் படகு மிதக்கிறதோ அந்த ஏரியின் ஜலத்தையே அவர்கள் பருக வேண்டியிருக்கிறது.

தெளிந்த ஜலமெல்லாம் சுத்த ஜலமா?

இவ்வேரிகளில் பலவற்றின் ஜலம் அடியிலுள்ள பாறை தெரியும்படி தெளிந்திருக்கும். அருகில் ஊரும் இல்லை, ஆலையும் இல்லை. இதைக் கண்டோர், இதைவிடச் சுத்தமான ஜலம் எங்கே கிடைக்கும் என்று எண்ணி, நடு ஏரியில் குவளையால் மொண்டு அப்படியே பருகுவதும் உண்டு. அவ்வாறு பருகிய அனைவரும் நோயுற்றார்கள் என்று சொல்லுவது உண்மையாகாது. பலர் யாதொரு தீங்குமின்றித் திரும்பியிருக்கிறார்கள். இதுவே மற்றவர்களை ஏமாற்றும் காரணமாகவும் ஆகிறது.

நோயை உண்டாக்கும் கிருமிகள் கண்ணுக்குப் புலப்படாதவை. ஜலத்தின் நிறத்தையோ ருசியையோ அவை மாற்றுவதில்லை. வனத்தில் மனிதர் இல்லாவிடினும் மிருகங்கள் உண்டு. அவற்றுள் முக்கியமானது பீவர் என்னும் நீர்வாழ் பிராணி. அது மரங்களைப் பல்லால் அறுத்து ஓடைகளுக்கு அணை கட்டி, ஜலத்திலேயே வீடமைத்து, ஜலத்திலேயே மலம் கழிக்கிறது. ஜியார்டியா என்னும் நுண்ணிய ஜந்து இதன் குடலில் வசிக்கக் கூடும். இதனால் உண்டாகும் வியாதியை அந்நாட்டார் ‘பீவர் காய்ச்சல்’ என்றே பேச்சு வழக்கில் கூறுகிறார்கள். உண்மையில் அது குடலைப் பற்றிய நோயாகும். 1976ம் வருஷத்தில் வாஷிங்டன் ராஜ்யத்தில் காமாஸ் என்னும் ஊரில் இவ்வியாதி பரவியபோது, ஊருக்கு ஜலம் வரும் மலைப் பகுதியில் பிடிக்கப்பட்ட பீவர்களிடத்தில் இந்த ஜந்து காணப்பட்டது. மனிதனுடைய மலத்தினாலும் இது பரவும் என்பதை மறத்தல் கூடாது.

இவ்வியாதியில் இன்னுமொரு சூட்சுமம் உண்டு. ஜலத்தைப் பருகி ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் கழிந்த பின்னரே இதன் குறிகள் தோன்றும். அதற்குள் பிரயாணி வீடு திரும்பியிருப்பான். வயிறு உப்புசம், துர்நாற்றமுள்ள பேதி, சோர்வு, உடல் மெலிவு ஆகியவற்றால் வாரக் கணக்கில் அவதியுறுவான். ஏரி ஜலத்தை நினைக்கமாட்டான். ‘நான் பச்சை ஜலம் குடித்தேன், எனக்கு ஒன்றும் நேரவில்லை’ என்று வனத்தில் ஐந்தாம் நாள் சொல்லும் வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை இதனால் அறியலாம்.

நான்கு விதத் தீங்குகள்

ஜலத்தில் உள்ள தீங்குகளை நான்காகப் பகுத்து அறிந்துகொண்டால், எந்த முறை எதை நீக்கும் என்பது எளிதில் விளங்கும்.

முதலாவது, ஒற்றை உயிரணுவாலாகிய ஜந்துக்கள். ஜியார்டியாவும் கிரிப்டோஸ்போரிடியம் என்பதும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஜியார்டியாவை 1681ம் வருஷத்திலேயே ஹாலந்து தேசத்து லேவன்ஹூக் என்பவர் தாம் அமைத்த பூதக் கண்ணாடியின் உதவியால் கண்டார். இவை கெட்டியான கூட்டினுள் அடங்கி, குளிர்ந்த ஜலத்தில் வெகு நாட்கள் உயிரோடிருக்கும். பத்துக் கூடுகள் வயிற்றினுள் சென்றாலும் நோய் உண்டாகலாம். கிரிப்டோஸ்போரிடியத்தின் கூட்டைச் சாதாரணக் குளோரின் அழிப்பதில்லை. 1993ம் வருஷத்தில் மில்வாக்கி நகரில் குழாய் ஜலத்தின் வழியாக இது பரவி, சுமார் 4 லட்சம் பேரை நோயுறச் செய்ததாக மதிப்பிடப்பட்டது. மருந்திட்ட ஜலம் வழங்கும் பெரிய நகரத்திலேயே இவ்வாறு நேர்ந்தது என்பது கவனிக்கத் தக்கது.

இரண்டாவது, பாக்டீரியா என்னும் கிருமிகள். வாந்திபேதி, டைபாய்டு ஜுரம், சீதபேதியில் ஒரு வகை முதலியவற்றை உண்டாக்குவன இவையே. இவை மேற்கூறிய ஜந்துக்களைவிடச் சிறியவை.

மூன்றாவது, வைரஸ் என்னும் மிகமிக நுண்ணிய விஷக் கிருமிகள். மஞ்சட்காமாலையில் சில வகைகளும், திடீரென்று உண்டாகும் வாந்தியும் பேதியும் இவற்றால் விளைவன. குடிஜலத்தில் சேரும் வைரஸ்களுள் நமக்குத் தீங்கு செய்பவை பெரும்பாலும் மனித மலத்திலிருந்து வருவனவாகையால், ஜன நடமாட்டம் குறைந்த வனங்களில் இவை குறைவு. ஊர்களையடுத்த ஆறுகளில் அதிகம்.

நான்காவது, கிருமியல்லாத விஷங்கள். கோடையில் சில ஏரிகளின் மேற்பரப்பில் பச்சை வர்ணம் கரைத்தாற்போல ஒரு வகைப் பாசி படர்வதுண்டு. இது கக்கும் விஷத்தைக் காய்ச்சுதல் நீக்காது. பிரயாணிகளின் சாதாரண வடிகட்டிகளையோ மருந்துகளையோ இதற்கு நம்புதலும் கூடாது. இத்தகைய ஜலத்தை எவ்விதத்திலும் உபயோகியாமல் வேறிடம் செல்வதே வழி. ஆலைக் கழிவும் பூச்சி மருந்தும் கலந்த ஜலத்திற்கும் இவ்விதியே பொருந்தும்.

ஜலம் எடுக்கும் இடம்

சுத்தி செய்யும் வேலை, இடத்தைத் தெரிந்தெடுப்பதில் தொடங்குகிறது. கரையோரத்துச் சேற்று ஜலம், தேங்கிய சதுப்பு, பீவரின் வீடும் அணையும் உள்ள இடம், ஓடை வந்து கலக்கும் முகம், கூடாரமிடும் துறைக்கு எதிர்ப்பட்ட பகுதி ஆகியவற்றை விலக்கி, படகில் ஏறிக் கரையை விட்டு ஆழமான பகுதிக்குச் சென்று மொள்ளுவது அனுபவஸ்தர்களின் வழக்கம். இதனால் ஜலத்திலுள்ள அழுக்கும் கிருமியும் குறையலாமேயன்றி முற்றிலும் நீங்கமாட்டா. ஆதலால் இது சுத்தி முறைக்கு முதற்படியேயன்றி, அதற்குப் பதிலாகாது.

ஜலம் கலங்கலாயிருப்பின் பாத்திரத்தில் வைத்துத் தெளியவிட்டு, மேல் ஜலத்தை மட்டும் மடித்த துணியில் வடித்துக்கொள்ள வேண்டும். கலங்கலிலுள்ள மண் துகள்கள் கிருமிகளுக்கு ஒளியும் மருந்தும் படாதபடி மறைவிடமாகின்றன. வடிகட்டியின் துவாரங்களையும் அடைத்துவிடுகின்றன. நம் நாட்டில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துக் கலங்கல் ஜலத்தைத் தெளிவிப்பது பழைய வழக்கம். முருங்கை விதையின் பொடிக்கும் படிகாரத்திற்கும் இக்குணம் உண்டு. இவை தெளிவைத் தருவனவேயன்றி, கிருமிகள் அனைத்தையும் போக்குவனவல்ல.

காய்ச்சுதல்

எல்லா முறைகளிலும் பழமையானதும் நிச்சயமானதும் காய்ச்சுதலே. ஜந்து, பாக்டீரியா, வைரஸ் ஆகிய மூவகையும் இதனால் அழியும். ஜலம் தளதளவென்று கொதித்தெழுந்த பின் ஒரு நிமிஷம் அவ்வாறே கொதிக்கவிட்டு இறக்கினால் போதுமானது. இருபது நிமிஷம் கொதிக்க வேண்டும் என்று சிலர் கருதுவது அவசியமற்றது, விறகு வீணாகும்.

ஆயினும் உயரமான மலைகளில் ஒரு மாறுதல் உண்டு. உயரம் செல்லச் செல்ல ஜலம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் ஜலம், 2,000 மீட்டர், அதாவது சுமார் 6,500 அடி உயரத்தில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகையால் அவ்வுயரத்திற்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். மின்னசோட்டா ஏரிகள் இவ்வுயரத்தில் இல்லை. நமது உதகமண்டலமும் கோடைக்கானலும் இவ்வுயரத்திற்கு மேற்பட்டவை.

காய்ச்சிய ஜலத்தை ஐஸினாலோ பச்சை ஜலத்தினாலோ ஆற்றலாகாது. மூடிவைத்துத் தானாக ஆறவிட வேண்டும். இம்முறையின் குறைகள் யாவெனில், விறகும் நேரமும் வேண்டும். மழையில் நெருப்பு மூளாது. ஆறும் வரையில் தாகத்தோடு காத்திருக்க வேண்டும் என்பனவே.

வடிகட்டுதல்

1884ம் வருஷத்தில் பாஸ்டர் என்னும் பேரறிஞரின் சோதனைச் சாலையில் வேலை செய்த ஷாம்பர்லாந்து என்பவர், மெருகிடாத பீங்கான் குழலின் வழியே ஜலத்தைச் செலுத்தினால் பாக்டீரியாக்கள் தடுக்கப்படுகின்றன என்று காட்டினார். 1892ம் வருஷத்தில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் வாந்திபேதி ஆயிரக்கணக்கானவர்களை மாய்த்தது. அதையடுத்த ஆல்டோனா நகரமோ அதே ஆற்று ஜலத்தை மணற் படுகையில் வடித்து வழங்கியதால் பெரிதும் தப்பியது. வடிகட்டுதலின் மகிமைக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

இக்காலத்துப் பிரயாணிகள் கையடக்கமான வடிகட்டிகளைக் கொண்டு செல்லுகிறார்கள். சிலவற்றில் பீங்கான் குழலும், சிலவற்றில் நுண்ணிய துவாரங்களுள்ள நூற்குழல்களின் கற்றையும் அமைந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். ஒரு மைக்ரானுக்கு மேற்படாத துவாரமுள்ள வடிகட்டி, ஜியார்டியாவையும் கிரிப்டோஸ்போரிடியத்தையும் தடுக்கும். 0.2 அல்லது 0.3 மைக்ரான் துவாரமுள்ளது பாக்டீரியாக்களையும் தடுக்கும். வைரஸ்களோ இவற்றினும் மிகச் சிறியவையாகையால், சாதாரண வடிகட்டிகளில் தப்பிச் சென்றுவிடும்.

படகுப் பிரயாணிகளுக்கு மிகவும் சௌகரியமான ஏற்பாடு, பை வடிகட்டி. ஏரி ஜலம் நிரப்பிய பையை மரக்கிளையில் மாட்டி, அதிலிருந்து இறங்கும் குழாயின் நடுவில் வடிகட்டியைப் பொருத்தி, கீழே சுத்தமான பாத்திரத்தை வைத்தால், கூடாரம் அடிக்கும் நேரத்திற்குள் ஜலம் தானே வடிந்து நிற்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அழுக்கு ஜலப் பையையும் சுத்த ஜலப் பாத்திரத்தையும் ஒருபோதும் மாற்றி உபயோகித்தல் கூடாது. இரண்டிற்கும் வெவ்வேறு நிறமோ அடையாளமோ இருத்தல் நலம். மேலும், நூற்குழல் வடிகட்டி ஒரு முறை நனைந்த பின் உறைபனியில் அகப்பட்டால், உள்ளிருக்கும் ஜலம் உறைந்து விரிந்து குழல்களைப் பிளந்துவிடும். வெளியில் யாதொரு குறியும் தெரியாது. ஜலமும் முன்போலவே வடியும். கிருமிகளும் கூடவே வரும். ஆகையால் குளிர் இரவுகளில் வடிகட்டியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவார்கள். உறைந்ததாகச் சந்தேகம் தோன்றினால் அதை எறிந்துவிட வேண்டும்.

மருந்திட்டுச் சுத்தி செய்தல்

குளோரினால் போர்வீரர்களின் குடிஜலத்தைச் சுத்தி செய்யும் யோசனையை 1903ம் வருஷத்தில் வெளியிட்டவர்களுள் ஒருவர், இந்திய மருத்துவ உத்தியோகத்திலிருந்த நெஸ்ஃபீல்டு என்னும் அதிகாரி. அதன் பின்னர்ப் படைகளுக்கும், பிரயாணிகளுக்கும், நகரங்களுக்கும் இம்முறை பரவியது.

வாசனை கலவாத, 5 முதல் 9 சதவிகிதம் வரை சோடியம் ஹைப்போகுளோரைட் அடங்கிய வெளுப்புத் திரவமாயின், ஒரு லிட்டர் தெளிந்த ஜலத்திற்கு இரண்டு துளிகள் இட்டுக் கலக்கி, 30 நிமிஷம் மூடிவைக்க வேண்டும். ஜலம் கலங்கலாகவோ மிகக் குளிர்ந்தோ இருப்பின் அளவை இரட்டிக்க வேண்டும். அரை மணிக்குப் பின் குளோரின் வாசனை இலேசாகத் தெரிய வேண்டும். தெரியாவிடில் மறுபடியும் அதே அளவு இட்டு, 15 நிமிஷம் காத்திருத்தல் அவசியம். பழைய திரவம் வீரியம் இழந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடையில் விற்கும் மாத்திரைகளாயின், உறையில் அச்சிட்டுள்ள அளவையும் நேரத்தையும் சிறிதும் மாற்றாமல் அனுசரிக்க வேண்டும்.

அயோடினும் இவ்வாறே பயன்படுவதாயினும், கர்ப்பிணிகளும், தைராய்டு சுரப்பியில் கோளாறுள்ளவர்களும் அதை விலக்க வேண்டும். மற்றவர்களும் நெடுநாள் உபயோகித்தல் கூடாது. குளோரினும் அயோடினும் பாக்டீரியாவையும் வைரஸையும் அழிக்க வல்லவை. ஜியார்டியாவிடம் அவற்றின் வல்லமை குறைவு. கிரிப்டோஸ்போரிடியத்திற்கு அவை போதா. குளோரின் டையாக்ஸைடு மாத்திரைகள் இதையும் அழிக்கக் கூடியவை. ஆனால் அதற்கு நான்கு மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும்.

மருந்திட்ட ஜலத்தின் ருசியை மாற்ற எலுமிச்சைப் பொடி முதலியவற்றைச் சேர்ப்பவர்கள், குறித்த நேரம் கழிந்த பின்னரே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் அவை மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். பாட்டிலின் மூடியைச் சற்றுத் தளர்த்தி, மருந்திட்ட ஜலம் வாய்ப்புறத்துத் திருகிலும் கசியும்படி செய்வதும் அவசியம். உதடு படும் இடம் பச்சை ஜலத்தில் நனைந்திருந்தால் உள்ளிருக்கும் ஜலத்தைச் சுத்தி செய்து பயன் என்ன?

ஒளியினால் சுத்தி செய்தல்

சூரிய ஒளி பாக்டீரியாக்களை அழிக்கிறது என்பதை டவுன்ஸ், பிளண்ட் என்னும் இருவர் 1877ம் வருஷத்தில் நிரூபித்தார்கள். ஒளியில் கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த கதிர்களே இவ்வேலையில் முக்கிய பங்கு பெறுகின்றன. இக்கதிரை வீசும் பேனா போன்ற சிறு மின்விளக்கை ஜலத்தில் அமிழ்த்திக் கலக்கினால், ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஒரு லிட்டர் ஜலம் சுத்தமாகும். ஜலம் தெளிந்திருக்க வேண்டும். பாட்டரியில் சக்தி இருக்க வேண்டும்.

விளக்கு இல்லாதவர்கள், நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டில்களில் தெளிந்த ஜலத்தை நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவைத்தால் கிருமிகள் பெரிதும் குறையும். வானம் மேகமூட்டமாயிருப்பின் இரண்டு நாட்கள் வைக்க வேண்டும். வெயில் மிகுந்த நாடுகளுக்கு இம்முறை ஏற்றது. வட தேசத்து மழை நாட்களில் பயன்படாது.

ஒரு கூட்டத்தின் தினசரி ஏற்பாடு

மேற்கூறியவற்றை நோக்கும்போது, எந்த ஒரு முறையும் எல்லாச் சந்தர்ப்பத்திற்கும் பொருந்தாது என்பது விளங்கும். ஆகையால் அனுபவமுள்ள கூட்டத்தார் இரண்டு முறைகளைக் கொண்டு செல்லுகிறார்கள். குடிப்பதற்கு வடிகட்டிய ஜலம். தேயிலைப் பானமும் கஞ்சியும் சோறும் எப்படியும் கொதித்தே தீருமாதலால், அவற்றிற்கு வேறு சுத்தி வேண்டுவதில்லை. வடிகட்டி உடைந்தால் உதவுவதற்கு ஒரு சிறு உறையில் மாத்திரைகளும் இருக்கும். அவற்றின் நிறை மிக அற்பம்.

மாலையில் கூடாரமடித்ததும் மறுநாள் பகலுக்கு வேண்டிய ஜலத்தையும் சேர்த்து வடித்து வைப்பார்கள். இதை ஒருவர் பொறுப்பில் விடுவது நலம். பலருக்கும் பொதுவான வேலை ஒருவருக்கும் உரியதல்லாமற் போவது உண்டு என்பதை நமது சங்கத்தார் நன்கு அறிவார்கள். தாகம் மேலிட்ட நேரத்தில், இன்று ஒரு நாள் பச்சை ஜலம் குடித்தால் என்ன என்னும் எண்ணம் தோன்றுவதும், முன்னேற்பாடு இல்லாமையால்தான்.

ஏனெனில் வனத்தில் ஒருவன் நோயுற்றால் அது அவனோடு நிற்பதில்லை. அவன் துடுப்புப் போட இயலாது. அவனுடைய சுமையை மற்றவர்கள் தூக்க வேண்டும். வைத்தியரிடம் சேர்ப்பதற்கு ஒன்றிரண்டு நாட்கள் பல ஏரிகளைக் கடக்க வேண்டியிருக்கலாம். ஒருவனுடைய அஜாக்கிரதைக்கு ஒன்பது பேரும் ஈடு கொடுக்கும்படி நேரிடும்.

கையும் கழிவும்

ஜலத்தை மாத்திரம் சுத்தி செய்து, கையைச் சுத்தி செய்யாதவன் பாதி வேலையையே செய்தவனாவான். வனத்தில் நேரிடும் பேதிகளில் பல, அசுத்தமான கைகளாலும் பாத்திரங்களாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகின்றன. மலஜலம் கழித்த பின்னும் சமையலுக்கு முன்னும் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். சோப்பு ஜலத்தை ஏரியில் விடாமல், கரைக்குத் தூரத்தில் மண்ணில் ஊற்ற வேண்டும்.

பவுண்டரி வாட்டர்ஸில் குறிக்கப்பட்ட கூடாரத் துறைகளில் மறைவிடம் அமைத்திருக்கிறார்கள். அது இல்லாத இடத்தில், ஜலக்கரையிலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழத்திற்குக் குழி தோண்டி, மலத்தை மண்ணால் மூடுதல் வேண்டும். இன்று ஒரு கூட்டம் விட்டுச் செல்லும் கழிவே நாளை வரும் கூட்டத்தாரின் குடிஜலத்தில் கலக்கும். ஏரி ஒருவருக்குச் சொந்தமானதன்று; ஆகையாலேயே அதைக் காப்பது ஒவ்வொருவருக்கும் கடமையாகிறது.

நோய் கண்டால்

பேதி கண்டவனுக்கு உடனடியான அபாயம், உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிப் போவதே. சுத்தி செய்த ஜலம் ஒரு லிட்டரில், மட்டமாக வழித்த தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க வேண்டும். 1971ம் வருஷத்தில் வங்காளத்தில் அகதிகளின் முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் இத்தகைய உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொண்டு மரணத்தைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். இரத்தம் கலந்த பேதி, கடும் ஜுரம், நாக்கு வறட்சி, மூத்திரம் குறைதல், மயக்கம் ஆகியவை காணப்பட்டால் தாமதியாமல் வைத்தியரிடம் சேர்க்க வேண்டும். வீடு திரும்பிச் சில வாரங்களுக்குள் வயிற்றுக் கோளாறு தோன்றினால், வனத்து ஜலம் பருகிய செய்தியை வைத்தியரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

நமக்கு இதனால் ஆகும் பயன்

நமது அங்கத்தினர்களிற் பலர் ஆடுமாடுகளை மேய்த்துக்கொண்டு காட்டோரங்களில் தங்குகிறார்கள். சதுரகிரி, வெள்ளியங்கிரி முதலிய மலைகளுக்கு யாத்திரை போகிறார்கள். மலைச் சுனைகளிலும் ஓடைகளிலும் ஜலம் பருகுகிறார்கள். அவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஜன நடமாட்டம் குறைந்த வட அமெரிக்க ஏரிகளில் வைரஸ்கள் குறைவாகையால், அங்கு வடிகட்டி மட்டும் போதுமானதென்று பலர் கொள்ளுகிறார்கள். யாத்திரிகர் திரளும் நமது மலைப் பாதைகளிலும், ஊர்களைக் கடந்து வரும் நமது ஆறுகளிலும் மனிதக் கழிவு கலக்கக் கூடுமாதலால், இங்கு வடிகட்டியை மட்டும் நம்புதல் கூடாது. காய்ச்சுதல் முதன்மையான வழி. அது இயலாவிடில், தெளியவைத்து வடித்த பின் மருந்திட வேண்டும்.

யாதொரு சாதனமும் இல்லாத இடத்தில் துணியும் உதவாமற் போகாது. வங்காள தேசத்தில் பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து ஜலத்தை வடித்த கிராமங்களில் வாந்திபேதி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி தெரிவிக்கிறது. ஜலத்திலுள்ள சிறு பூச்சிகளின் உடலில் ஒட்டியிருக்கும் கிருமிகள் துணியில் தங்கிவிடுவதே இதன் காரணம். அத்தகைய பூச்சிகளின் வழியாகவே பரவிய நரம்புச் சிலந்தி நோயையும், ஜலத்தை வடித்துக் குடிக்கும் வழக்கமும் ஜல நிலைகளைக் காத்த முயற்சியும் நமது தேசத்தை விட்டு ஓட்டின. 1996ம் வருஷத்திற்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. பாதி தீங்கை நீக்கும் துணி வடிப்பு, முழுத் தீங்கையும் நீக்கும் காய்ச்சுதலுக்கு ஈடாகாதெனினும், ஒன்றும் செய்யாமல் பருகுவதைவிட எவ்வளவோ மேலானது.

யாத்திரை புறப்படும் கூட்டத்தார் அரிசி பருப்பைக் கணக்கிட்டுக் கட்டுவது போலவே, ஜலத்திற்கும் முன்னதாகக் கணக்கிட வேண்டும். மூடியுள்ள ஒரு பெரிய பாத்திரம், வடிப்பதற்கு ஒரு சுத்தமான துணி, ஓர் உறை மாத்திரை, சோப்புக் கட்டி ஒன்று, உப்பும் சர்க்கரையும் சிறிது ஆகிய இவை கூட்டம் முழுவதற்கும் போதுமானவை. இவற்றிற்காகும் செலவு, ஒருவர் ஒரு நாள் நோயுற்றுப் படுப்பதால் ஏற்படும் நஷ்டத்திற்கும் குறைந்ததேயாகும். எந்தச் சுனையைக் கண்டாலும், அதன் தெளிவைப் பாராட்டிய பின், பருகுவதற்கு முன் ஒரு நிமிஷம் கொதிக்கவிடும் பொறுமையை நமது அங்கத்தினர்கள் கைக்கொள்வார்களாக.